பண்டத்தரிப்பும் கிறிஸ்தவ ஐக்கியமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே பண்டத்தரிப்பும் சில்லாலையும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். முன்னது 1820 தொடக்கம் அமெரிக்க மிஷனின் தளங்களுள் ஒன்றாக விளங்கிப் புரட்டஸ்தாந்து சமயத்தோடு தொடர்புற்றது. பின்னது ஒல்லாந்தர் ஆட்சியின் கொடுமைக் காலத்திலும் உரோமன் கத்தோலிக்க சமயத்தைக் கைவிடாது காத்த ஊர். இவ்விரண்டிற்கும் இடையே மலையுமில்லை, ஆறுமில்லை. ஒரே செம்பாட்டு மண், ஒரே கிணற்றுப் பாசனம், ஒரே மொழி. எனினும் நெடுங்காலமாக இவ்வூர்களின் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் 'வேறு வேதக்காரர்' என்றே கருதி வந்துள்ளனர். இவ்விரு சாராரையும் வேறுபாடின்றி 'வேதக்காரர்' என ஒரே சொல்லாற் குறித்தவர்கள் சைவர்களே. அகத்தே பிளவுண்டிருந்த ஒரு சமூகம் புறத்தே நின்று நோக்குவோருக்கு ஒன்றாகத் தோன்றியமை சிந்தனைக்குரியதாகும்.

கிறிஸ்தவர்களிடையே ஒற்றுமையையும் சமாதானத்தையும் நாடிய முயற்சிகள் யாழ்ப்பாணத்தில் எவ்வாறு தோன்றின, எவற்றை நிறைவேற்றின, எங்கே தடைப்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இறையியலார் இவற்றை விசுவாசக் கோட்பாட்டின் வரலாறாக எழுதியுள்ளனர். அது அவர்கள் துறை. நாம் இங்கு நோக்குவது அக்கோட்பாடுகள் வேர்கொண்டிருந்த சமூகத் தளத்தினையே.

இரு சொற்களைத் தொடக்கத்திலேயே வேறுபடுத்திக் கொள்ளுதல் நன்று. ஒன்று 'ஐக்கியம்', மற்றது 'ஒப்புரவு'. ஐக்கியம் என்பது சபைகள் நிருவாகத்திலும் ஊழியத்திலும் வழிபாட்டிலும் ஒன்றாதலைச் சுட்டி வழங்குவது. ஒப்புரவு என்பது பகைகொண்டோர் மீள உறவுறுதலைக் குறிக்கக் கிறிஸ்தவர் எடுத்தாண்ட சொல். தமிழ் மரபிலே அது அவர்களுக்கு முற்பட்டது. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். ஆங்கு அச்சொல் உலகநடை அறிந்து, பெற்ற செல்வத்தை ஊர்க்குப் பயன்படுமாறு ஒழுகும் கடப்பாட்டினைக் குறித்தது. உடைமைக்கும் உறவுக்கும் உள்ள தொடர்பினை அப்பழம்பொருள் மறக்கவில்லை. பிற்காலச் சமய வழக்கிலே அத்தொடர்பு மங்கி, ஒப்புரவு உள்ளத்தின் செயலாக மட்டும் சுருங்கியது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ ஐக்கிய முயற்சிகளின் பலமும் பலவீனமும் இச்சொல்லின் பொருள்மாற்றத்திலேயே ஓரளவு அடங்கியுள்ளன எனலாம்.

2

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. அதனைத் தொடர்ந்து குடாநாடெங்கும் கத்தோலிக்கக் கோயில்கள் எழுந்தன. பண்டத்தரிப்பும் அவற்றுளொன்றைப் பெற்றது. 1658இல் ஆட்சி ஒல்லாந்தருக்கு மாறியதும் அக்கோயில்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களும் பாடசாலைகளுமாயின. 1658 தொடக்கம் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பு பல்டேயுஸ் என்னும் ஒல்லாந்தப் போதகர், 1672இல் வெளிவந்த தமது நூலிலே பண்டத்தரிப்பு ஆலயத்தையும் விவரித்துள்ளார். அக்காலத்தில் 'கோயிற்பற்று' என்னும் சொல் சமயப் பிரிவினை மட்டுமன்றி நிருவாகப் பிரிவினையும் குறித்து வழங்கியமை மனங்கொளத்தக்கது. ஞானஸ்நானப் பதிவும் பாடசாலைத் தோம்பும் காணித் தோம்பும் ஒரே ஆட்சியியந்திரத்தின் உறுப்புகள். பதவி வேண்டினோரும் விவாகத்தையும் உரிமையையும் சட்டப்படி நிலைநாட்ட வேண்டினோரும் சீர்திருத்தச் சபையின் ஏட்டிலே பெயர்பதித்தனர். 1796ஐ அண்டி ஒல்லாந்தர் ஆட்சி ஒழிந்ததும் அவ்வேட்டுக் கிறிஸ்தவம் பெரும்பாலும் மறைந்து போயிற்று.

ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை நாட்டினின்றும் விலக்கினர். அவர்களுக்கு அடைக்கலம் தருவோர்க்குக் கடுந்தண்டனை விதித்தனர். இந்நிலையில் கோவையிலிருந்து மாறுவேடத்தில் 1687இல் இலங்கைக்கு வந்த யோசேவாஸ் அடிகள், யாழ்ப்பாணத்திலே தம் பணிக்குத் தளமாகக் கொண்ட ஊர் சில்லாலை. ஒரு கிறிஸ்மஸ் இரவிலே இரகசிய வழிபாட்டிற்குக் கூடிய கத்தோலிக்கர்கள் ஒல்லாந்தக் கட்டளையதிகாரியாற் பிடிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர் என்பதும் அக்கால வரலாற்றிற் பதிவாகியுள்ளது. அடிகள் பின்னர் கண்டி இராச்சியத்திற் புகலடைந்து 1711இல் அங்கேயே காலமானார். 2015 சனவரியிற் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். இதிலே கருதத்தக்கது ஒன்றுண்டு. கத்தோலிக்கக் குருவைத் துன்புறுத்தியவர்கள் கிறிஸ்தவர்கள். அவருக்குப் பாதுகாப்பளித்தவர்கள் கண்டியின் பௌத்த அரசர்கள். யாழ்ப்பாணத்திலே கிறிஸ்தவன் கிறிஸ்தவனைத் துன்புறுத்திய நினைவு, வேறெந்தச் சமயப் பகைமையினும் முற்பட்டது, ஆழமானது. சில்லாலையின் தன்னுணர்வு அந்நினைவின்மீதே கட்டியெழுப்பப்பட்டது.

ஆகவே யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பிரிவினையை ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தத்தின் தூரத்து எதிரொலி என்று மட்டும் கூறுதல் போதாது. கறுவாவையும் யானையையும் கடற்பாதைகளையும் பற்றிய இரு வணிக வல்லரசுகளின் போட்டியே இங்கு இரு வேதங்களின் போட்டியாக வந்திறங்கியது. உள்ளூர் மக்கள் அப்போட்டியைத் தம் குடும்ப வரலாறாகவும் ஊர்ப்பெருமையாகவும் உள்வாங்கிக் கொண்டனர்.

3

ஆங்கிலேயர் ஆட்சியில் 1806இல் கத்தோலிக்கர்மீதான சட்டத் தடைகள் நீக்கப்பட்டன. அதன்பின் புதிய புரட்டஸ்தாந்து மிஷன்கள் வந்தன: 1814இல் வெஸ்லியன் மிஷன், 1816இல் அமெரிக்க மிஷன், 1818இல் அங்கிலிக்கத் திருச்சபைத் தொண்டர் சங்கம். அமெரிக்க மிஷனரிமாருக்கு அரசாங்கம் வழங்கியவை வலிகாமத்தின் பாழடைந்த பழைய கோயிற் கட்டடங்களே. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகியன இவ்வாறு அவர்களின் தளங்களாயின. பண்டத்தரிப்பிலே 1820இல் அமர்ந்தவர் யோன் ஸ்கடர் என்னும் மருத்துவர். ஆசியாவிற்கு வந்த முதல் மருத்துவ மிஷனரிமாருள் ஒருவராக அவர் குறிப்பிடப்படுகிறார். 1836இல் அவர் சென்னைக்கு மாறினார். ஒரே வளவிலே போர்த்துக்கேயக் கத்தோலிக்கமும் ஒல்லாந்தச் சீர்திருத்தமும் அமெரிக்கப் புரட்டஸ்தாந்தமும் அடுத்தடுத்துக் குடியேறின என்னும் இச்செய்தி, பண்டத்தரிப்பினை இவ்வாய்விற்கு மிகப் பொருத்தமான களமாக்குகின்றது.

புரட்டஸ்தாந்து மிஷன்கள் மூன்றும் தமக்குள்ளே பிரதேசத்தைப் பங்கிட்டுக் கொண்டன. அமெரிக்கருக்கு வலிகாமமும் தீவுகளும். வெஸ்லியருக்கு யாழ்ப்பாணப் பட்டினமும் பருத்தித்துறையும். அங்கிலிக்கருக்கு நல்லூர், கோப்பாய், சுண்டிக்குளி. ஐக்கியத்தின் முதல் வடிவம் இதுவே. இது போட்டியைத் தவிர்க்கும் ஒழுங்கேயன்றிக் கலந்துறவாடும் ஒழுங்கன்று. இதன் விளைவாக ஒருவர் எச்சபையைச் சேர்வது என்பதை அவருடைய நம்பிக்கையினும் பிறந்த ஊரே நிர்ணயித்தது. மானிப்பாயிற் பிறந்தவர் அமெரிக்க மிஷனையும், பட்டினத்தவர் மெதடிஸ்தத்தையும் சேர்ந்தனர். சபைப் பிரிவு ஊர்ப்பிரிவோடு பொருந்தியமையால் அது மேலும் இறுகியது.

இவ்வொழுங்கினுட் கத்தோலிக்கருக்கு இடமிருக்கவில்லை. 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் யாழ்ப்பாணம் வந்து புத்துயிர் ஊட்டும்வரை, கத்தோலிக்கமும் கோவைக் குருமாருக்கும் ஐரோப்பியக் குருமாருக்குமிடையே எழுந்த அதிகாரப் பிணக்கினால் அலைக்கழிந்தது. அதன்பின் இரு பகுதியாரும் அச்சியந்திரத்தைக் கையிலெடுத்தனர். 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' அமெரிக்க மிஷனின் ஏடு. 1876இல் தொடங்கிய 'சத்தியவேத பாதுகாவலன்' கத்தோலிக்கரின் ஏடு. ஆறுமுக நாவலரின் 'சைவதூஷண பரிகாரம்' 1854இல் வெளிவந்ததை நாம் நன்கறிவோம். சைவ - கிறிஸ்தவ வாதப் போரை நமது இலக்கிய வரலாறுகள் விரிவாகப் பேசுகின்றன. கத்தோலிக்க - புரட்டஸ்தாந்து வாதப் போரோ அத்துணை கவனம் பெறவில்லை. ஆயினும் யாழ்ப்பாணத் தமிழ் உரைநடை வாதத்துக்கேற்ற கூர்மை பெற்றதில் அதற்கும் பங்குண்டு.

இப்பிரிவினை மொழியிலே ஆழப் பதிந்தது. புரட்டஸ்தாந்தர் 'தேவன்' என்றனர். கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றனர். ஒருவருக்குப் 'போதகர்', மற்றவருக்குச் 'சுவாமியார்'. இயேசுவையும் சேசுவையும் ஒருவரென அறிந்திருந்தும் எழுத்து வேறு, ஒலி வேறு. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் தலைமையில் நாவலரின் துணையோடு உருவாகி 1850இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்பினைத் தமிழகத்துச் சபைகள் ஏற்க மறுத்தன. பின்னர் போவரைத் தலைவராகக் கொண்ட குழுவினர் இயற்றிய 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பே புரட்டஸ்தாந்தர் அனைவருக்கும் பொதுவாயிற்று. இவ்வரலாற்றினைப் பேராயர் சபாபதி குலேந்திரன் 'கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு' என்னும் நூலில் நுணுகி எழுதியுள்ளார். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இணைந்து செய்த பொது மொழிபெயர்ப்பு தமிழகத்திலே வெளிவர 1995 வரை காத்திருக்க நேர்ந்தது. அதிலே 'கடவுள்' என்னும் பொதுச்சொல் ஆளப்பட்டது. 'தேவன்', 'சர்வேசுரன்' என்னும் இரு வழக்குகளையும் ஒருங்கே கடந்து, எல்லாத் தமிழர்க்கும் உரிய சொல்லொன்றிலே இரு சாராரும் சந்தித்தனர் என்பது தமிழ் மாணவர் கருத்தூன்ற வேண்டிய செய்தி.

4

சபைப் பிரிவினையினும் வன்மையான பிரிவொன்று கிறிஸ்தவத்தினுள்ளே இருந்தது. அது சாதி.

அமெரிக்க மிஷனரிமார் கோட்பாட்டளவிற் சாதியை எதிர்த்தனர். ஆயின் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் தொடங்கிய உடுவில் பெண்பாடசாலையும் தம் மாணவரைப் பெருமளவு நிலவுடைமைச் சாதியாரிடமிருந்தே பெற்றன. ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்துக்கும் பின்னர் மலாயா உத்தியோகத்துக்கும் வாயில் திறந்தபோது, அதனூடே முதலிற் புகுந்தவர் அவர்களே. கத்தோலிக்கம் கரையோர மீனவர் ஊர்களிலே வலுவாக வேரூன்றியது. அங்கும் ஊருக்கொரு கோயில் என்னும் ஒழுங்கு, நடைமுறையிற் பல இடங்களிலே சாதிக்கொரு கோயில் என்பதாக முடிந்தது. ஒரே கோயிலினுள் வெவ்வேறு சாதியார் வெவ்வேறிடத்தில் அமர்ந்த வழக்கமும் நெடுங்காலம் நீடித்தது. ஆகவே பண்டத்தரிப்பு வேளாளப் புரட்டஸ்தாந்தருக்கும் சில்லாலை வேளாளக் கத்தோலிக்கருக்குமிடையே கலியாண உறவு நிகழ்வது கடினமெனினும் நினைத்துப் பார்க்கக் கூடியதாயிருந்தது. ஒரே சபையைச் சார்ந்த இரு சாதியாரிடையே அது நினைத்தற்கும் அரியதாயிருந்தது. சபை வேலியினும் சாதி வேலி உயரமானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதனை எதிர்த்த குரல்களும் கிறிஸ்தவக் கல்லூரிகளிலிருந்தே எழுந்தன. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் வழிகாட்டலிலே சமயப் பாகுபாடும் சாதிப் பாகுபாடும் கடந்த ஓர் அரசியலை முன்வைத்தது. சம ஆசனம், சம போசனம் என்பன அக்காலத்தின் முழக்கங்கள். உதவி பெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் கட்டாயமாக்கப்பட்டபோது சில பாடசாலைகள் தீக்கிரையாயின. இவ்வியக்கத்திலே சைவ இளைஞரும் கிறிஸ்தவ இளைஞரும் தோளோடு தோள் நின்றனர். மன்றங்களும் மாநாடுகளும் கோட்பாட்டு இணக்கம் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு சமூகக் கோரிக்கையைச் சுற்றி இயல்பாகவே ஒற்றுமை பிறந்தமை நோக்கத்தக்கது.

1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தோடு தீண்டாமை எதிர்ப்புப் போராட்டம் புதிய கட்டத்தை அடைந்தது. பண்டத்தரிப்பின் அயலிலுள்ள சங்கானையில், நிச்சாமம் என்னுங் குறிச்சி அப்போராட்டத்தின் முக்கிய களங்களுள் ஒன்றாயிற்று. தேநீர்க்கடைகளும் கோயில்களும் போராட்டத்தின் இலக்குகளாயின. சபைகள் என்னும் நிலையிற் கிறிஸ்தவர்கள் அதில் முன்னணி வகிக்கவில்லை. அது 'சைவரின் சிக்கல்' என ஒதுங்கி நிற்பது எளிதாயிருந்தது. இக்காலத்திலேயே சபை ஐக்கியத்தைப் பற்றிய பேச்சுவார்த்தைகள் உச்சநிலையில் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

5

அப்பேச்சுவார்த்தைகளின் வரலாறு சிறப்பிற் குறைந்ததன்று. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானபோது அமெரிக்க மிஷனின் யாழ்ப்பாணச் சபைகள் அதனுள் அடங்கின. 1919இல் தரங்கம்பாடியிற் கூடிய இந்தியப் போதகர்கள், மேலைநாட்டுப் பிரிவினைகள் தம்மீது சுமத்தப்பட்டவை எனப் பிரகடனஞ் செய்தனர். அது தேசிய விழிப்பின் சமய வெளிப்பாடு. 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலையடைந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 27ஆந் திகதி சென்னையிலே தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அங்கிலிக்கர், மெதடிஸ்தர், கொங்கிரிகேஷனலார், பிரெஸ்பிற்றேரியர் ஆகியோர் ஒரே திருச்சபையாயினர். வட்டுக்கோட்டையைப் பேராலயத் தளமாகக் கொண்ட யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயர் குலேந்திரன்.

ஆயினும் இங்கொரு முரண்பாடு உளது. தமிழகத்திலே நான்கு மரபுகளை ஒன்றாக்கிய அத்திருச்சபை, யாழ்ப்பாணத்திலே ஒரே மரபின் புதுப்பெயராகவே அமைந்தது. இங்குள்ள அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் கொழும்பைத் தலைமையாகக் கொண்ட தத்தம் சபைகளோடு நின்றுவிட்டனர். சுண்டிக்குளியினின்றும் வட்டுக்கோட்டை பத்து மைல் தொலைவுமில்லை. எனினும் ஐக்கியம் பாக்கு நீரிணையைக் கடந்ததேயன்றி அப்பத்து மைலைக் கடக்கவில்லை.

இக்குறையை நிரப்பவே இலங்கைத் திருச்சபைத் திட்டம் வகுக்கப்பட்டது. 1940இல் தொடங்கிய பேச்சுவார்த்தைகளில் அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்ரிஸ்தர், பிரெஸ்பிற்றேரியர், யாழ்ப்பாண ஆதீனத்தினர் ஆகியோர் பங்குகொண்டனர். தெல்லிப்பழையிற் பிறந்தவரும் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1948ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் அமர்விலே தொடக்கப் பிரசங்கம் நிகழ்த்தியவர்களுள் ஒருவருமான டி. தி. நைல்ஸ் போன்றோர் உலகளாவிய ஐக்கிய இயக்கத்திற்கு யாழ்ப்பாணம் அளித்த கொடை. 1963இல் பிலிமத்தலாவையிலே சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாகக் கொண்ட பொது இறையியற் கல்லூரி நிறுவப்பட்டது. இத்திட்டம் நிறைவேறியிருப்பின், சிங்களவரும் தமிழரும் சம உறுப்பினராய் அமர்ந்த தேசிய நிறுவனமொன்று இந்நாட்டில் உருவாகியிருக்கும். நிறைவேறும் தறுவாயில், 1970களின் முற்பகுதியில், அங்கிலிக்கருள் ஒரு சாரார் தொடுத்த வழக்கினால் அது தடைப்பட்டு வீழ்ந்தது. அதே காலத்தில் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மையளித்து, 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தையும் உறுதிப்படுத்தியது. சபை ஐக்கியத்திட்டம் முறிந்தமைக்கு இவ்வரசியல் நேர்க்காரணமன்று. ஆனால் முப்பது ஆண்டுக்காலம் திருநிலைப்பாட்டைப் பற்றியும் ஆயர் பதவியைப் பற்றியும் நுணுகி வாதித்தோர், தம்மைச் சூழ்ந்து நாடு இரண்டாகப் பிளவுறுவதைத் தம் திட்டத்தின் மையப் பொருளாகக் கொள்ளவில்லை. இதுவே அதன் அடிப்படைக் குறைபாடு.

கத்தோலிக்கர் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களிடம் நிறுவன ஐக்கியம் ஏலவே இருந்தது. சிங்களக் கத்தோலிக்கரும் தமிழ்க் கத்தோலிக்கரும் ஒரே உரோமைத் தலைமையின் கீழ் நின்றனர். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற கிறிஸ்தவரோடு உறவாடவும் தாய்மொழியில் வழிபடவும் வழிசெய்தது. ஆனால் தாய்மொழி வழிபாடு எய்திய அதே பத்தாண்டுகளிலேயே மொழி இந்நாட்டின் போர்முனையாயிற்று. இலத்தீன் மறைந்த இடத்திலே நீர்கொழும்பு சிங்களத்திலும் யாழ்ப்பாணம் தமிழிலும் மன்றாடின.

1960, 1961ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் அரசுடைமையானபோது இடதுசாரிகள் அதனை வரவேற்றனர். கல்வி மதபீடங்களின் பிடியினின்றும் விடுபட்டமை முற்போக்கானதே. ஆயின் அரசு யாருடைய கையில் உள்ளது என்னும் வினாவினை எழுப்பாது அரசுடைமையை மட்டும் போற்றியமை நம்மவரின் தவறு என்பதையும் இன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

6

1983 யூலை வன்செயலுக்குப் பின் குருணாகல் அங்கிலிக்க ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவர் என்னும் முறையில் தம் வெட்கத்தை வெளியிட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அவர் காலமானார். சமாதானம் வேண்டும் எனப் பொதுவாகப் பேசாது, தன் இனத்தின் குற்றத்தைத் தன் வாயாற் கூறியமையே அக்கூற்றின் சிறப்பு. அத்தகைய குரல்கள் மிகச் சிலவே.

போர் பெருகியபோது சபை வேற்றுமைகள் வடக்கிலே ஒருவகையில் அர்த்தமிழந்தன. 1984 டிசெம்பரில் மெதடிஸ்த குருவானவர் ஜெயராஜசிங்கமும், 1985 சனவரியிற் கத்தோலிக்கக் குருவானவர் மேரி பஸ்தியனும் மன்னார் மாவட்டத்திலே அரசபடையினராற் கொல்லப்பட்டனர். துப்பாக்கி சபை வேறுபாடு கேட்கவில்லை. 1995 யூலை 9ஆந் திகதி, வலிகாமத்தின் மேற்கூர்களை நோக்கி இராணுவம் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கையைத் தொடங்கியபோது, எறிகணைக்கஞ்சி வெளியேறிய மக்கள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அயலிலிருந்த முருகன் கோயிலிலும் தஞ்சம் புகுந்தனர். விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், சைவர் என்னும் பாகுபாடு அங்கிருக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகக் கூட்டங்களும் குழுக்களும் எய்தாத சமத்துவத்தை ஒரு பிற்பகலிலே சாவு எய்துவித்தது. அதே ஆண்டிலேயே தமிழகத்திற் பொது மொழிபெயர்ப்பு வேதாகமம் வெளிவந்தது என்னும் காலப் பொருத்தத்தினை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

ஆயினும் துன்பத்தின் ஒற்றுமையை ஒப்புரவு எனக் கொள்ளுதல் தவறாகும். துன்பத்தில் ஒன்றாவோர் துன்பம் தணிந்ததும் பழைய வேலிகளை மீளக் கட்டுவதுண்டு. இடப்பெயர்வு முகாம்களிலே உயர்சாதியார் உறவினர் வீடுகளுக்குச் செல்ல, நிலமும் உறவும் அற்றோர் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். 1990இல் வலிகாமம் வடக்கினின்று வெளியேற்றப்பட்ட மீனவக் குடும்பங்கள் பல கால் நூற்றாண்டினை முகாமிற் கழித்தன. அகதியிலும் வர்க்கமுண்டு, சாதியுண்டு.

மேலும், ஒப்புரவு பிறர் நமக்குச் செய்ததை மட்டும் எண்ணுவதாயின் அது முறைப்பாடாகவே நின்றுவிடும். 1988 யூனில் மட்டக்களப்பிற் குருவானவர் சந்திரா பெர்னாண்டோவைச் சுட்டது தமிழ் ஆயுதக் குழுவொன்றே எனப் பரவலாகக் கருதப்படுகின்றது. 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் ஆசிரியை ராஜினி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து மார்க்சியத்தினூடாக மனித உரிமைப் பணிக்கு வந்தவர் அவர். எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் பதிவு செய்தமையே அவர் 'குற்றம்'. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் அனைவரும், ஏறத்தாழ 70,000 பேருக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒல்லாந்தர் காலத்திற் சமயத்தின் பெயரால் ஒடுக்கப்பட்ட நினைவினைத் தம் பெருமையாகக் கொண்ட கிறிஸ்தவ ஊர்கள், தம் அயலவர் சமயத்தின் பெயரால் துரத்தப்பட்டபோது எழுப்பிய குரல் மிக மெல்லியது. மார்க்சியர்களாகிய நாமும் அன்று உரக்கப் பேசினோமல்லோம். இதனைச் சொல்லாது ஒப்புரவு பற்றி எழுதுதல் நேர்மையாகாது.

சபைகள் செய்த நன்மையையும் மறுத்தலாகாது. காணாமற் போனோரின் பெயர்களைப் பதிந்தவர்கள், கைதானோரைத் தேடி முகாம் வாயிலில் நின்றவர்கள் பலர் குருமாரும் கன்னியருமே. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப்பும் அவருடைய குருமாரும் 2011 சனவரியிலே நல்லிணக்க ஆணைக்குழுவின்முன் 1,46,679 பேரின் கதி என்னவென வினாவினர். தெற்கின் கத்தோலிக்கத் தலைமை அவ்வினாவினை அதே உறுதியோடு எழுப்பவில்லை. ஒரே திருச்சபை, ஒரே திருப்பலி. ஆனால் இறந்தோரை எண்ணும் கணக்கு வேறு வேறு. 2019 ஏப்ரில் 21இல் கொழும்பு, நீர்கொழும்பு கத்தோலிக்க ஆலயங்களும் மட்டக்களப்புச் சீயோன் சபையும் ஒரே நாளில் தாக்கப்பட்டன. அப்போது நீதி கோரிய தெற்கின் கத்தோலிக்கர், அரசின் விசாரணைகள் எவ்வாறு இழுபடும் என்பதை வடக்கின் தாய்மார் நெடுநாள் அறிந்ததுபோல் அறியலாயினர். இவ்விரு துயர்களும் ஒன்றையொன்று இனங்காணுமாயின் அதுவே மெய்யான ஐக்கியத்தின் தொடக்கமாகலாம்.

இதற்கிடையே, ஐக்கியத்தின் முன்னோடியாகிய தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமே இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் பிளவுற்றது. பிரிந்தோர் அமெரிக்க இலங்கை மிஷன் என்னும் பழம்பெயரை மீட்டெடுத்தனர். தலைமைத்துவம் பற்றிய பிணக்கே உடனடிக் காரணம். ஆயின் பாடசாலையும் வைத்தியசாலையும் காணியும் கொண்ட எந்நிறுவனத்திலும் தலைமை பற்றிய பிணக்கு உடைமை பற்றிய வினாவிலிருந்து முற்றிலும் விலகி நிற்பதில்லை. ஒப்புரவு என்னும் சொல்லின் பழம்பொருளை இங்கு மீண்டும் நினைவுகூர்தல் தகும்.

7

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பிரிவினை கோட்பாட்டு வேற்றுமையாக மட்டும் இருந்ததில்லை. குடியேற்ற வல்லரசுகளின் போட்டியும் பிரதேசப் பங்கீடும் சாதியமைப்பும் அதனைத் தாங்கி நின்றன. ஆகவே கோட்பாட்டு இணக்கம் மட்டும் அதனைத் தீர்க்கவில்லை.

இரண்டு, வாலிபர் காங்கிரசின் சம ஆசன இயக்கத்திலும் போர்க்காலத்துத் தேடற்பணியிலும் போல, சபைகளுக்கு வெளியே ஒரு பொது நீதியை நாடியபோதே கிறிஸ்தவர்கள் தம்முள் மெய்யாக ஒன்றினர். ஒற்றுமையை நேரே தேடியவர்களினும் நீதியைத் தேடியவர்களே அதனைப் பெரிதும் கண்டனர்.

மூன்று, பாதிக்கப்பட்டோர் என்னும் நினைவு எத்துணை மெய்யானதாயினும், தாமும் பிறரைப் பாதித்ததை ஏற்காதவிடத்து அது ஒப்புரவிற்குத் தடையாகவே அமையும். இது சில்லாலைக்கும் பொருந்தும், பண்டத்தரிப்புக்கும் பொருந்தும், தமிழினம் முழுமைக்கும் பொருந்தும்.

சமயத்தை மயக்கமருந்தெனச் சொல்லி ஒதுக்குவது நமக்கு எளிது. அதே பந்தியில் மார்க்சு அதனை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்செனவும் கூறியதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நவாலியிற் கேட்டது அப்பெருமூச்சே. அதனைச் செவிமடுத்து, அதற்குக் காரணமாகிய நிலைமைகளை மாற்றும் பணியில், வழிபடுவோரும் வழிபடாதோரும் ஒன்றாய் நிற்கக்கூடுமா என்பதே வரலாறு நம்முன் வைத்துள்ள வினா. பண்டத்தரிப்பின் பழைய வளவிலே மூன்று வேதங்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தன. நான்காவதாக அங்கு குடிவர வேண்டியது சமத்துவம்.